பழுத்த காசு

சுருளிப்பட்டி
12.7.1998

அன்புத் தம்பி பாண்டியராஜனுக்கு, அக்கா ஞானசெல்வி எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் இருக்கிறோம். உனக்கு அந்த ஊர் மழையில் சளி பிடித்திருக்கும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா, இல்லை பம்பாய்க்காரன் ஆகிவிட்டேன் என்று அதையும் விட்டுவிட்டாயா?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எஸ்.டி.டி பூத்தில் நான் பேசினால் பாதி ஊருக்கு அங்கேதான் காது. அதனால் எழுதுகிறேன். பதறாமல் படி.

சினேகாவுக்குக் காது கேட்காது. மூன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லையே என்று கேட்டதற்கெல்லாம், "அப்பன் மாதிரி வாயில்லாப் பூச்சி, மெதுவாத்தான் பேசுவா" என்று இங்கே எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். மதுரைக்குக் கொண்டுபோனோம். கண்ணாடி போட்ட அறைக்குள் உட்கார வைத்துச் சத்தம் கொடுத்தார்கள். எனக்கு வயிற்றுக்குள் அதிர்ந்தது. இவள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு இருந்தாள். டாக்டரம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சொந்தத்துல கட்டுனீங்களா?" தாய்மாமனைக் கட்டினேன் என்றேன். அப்புறம் அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பேனாவைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

ஆனால் வழி ஒன்று இருக்கிறதாம். மைசூரில் ஒரு பள்ளிக்கூடம். தாயும் பிள்ளையும் சேர்ந்தே போய் மூன்று வருடம் இருக்க வேண்டும். பிள்ளைக்கு இரண்டு காதிலும் மெஷின் மாட்டிவிட்டு, பேச வைப்பது எப்படி என்று தாய்க்குச் சொல்லித் தருவார்கள். அங்கே படித்து வந்த ஒரு பையனை டாக்டரம்மா கூப்பிட்டுக் காட்டினார்கள். "உங்க ஊர் எது ஆன்ட்டி?" என்று என்னைக் கேட்டான் பாண்டி. கொஞ்சம் மூக்கால் பேசினான், அவ்வளவுதான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வருடத்தில் ஜூன் மாதம் மட்டும்தான் சேர்ப்பார்களாம். ஐந்து வயது முடிந்துவிட்டால் எடுக்க மாட்டார்கள். இவளுக்கு வருகிற தையில் நாலு முடிகிறது. அப்படியென்றால் அடுத்த ஜூன் ஒன்றுதான் இவளுக்கு இருக்கிறது. அதைத் தவறவிட்டால் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்க மாட்டார்கள். மெஷினும், மூன்று வருட வாடகையும் சாப்பாடும் நம் பாடு. மாமா லோயர் கேம்ப் போய் வாங்கிவருகிற கூலியும் ஒரு ஏக்கர் திராட்சையும் எந்த மூலைக்கு?

ஆத்தா பெட்டியில் ராசா தலை போட்ட வெள்ளி ரூபாய் இருபத்து மூன்று இருக்கிறது. அடியில் ஒரு பழைய தாளுக்குள் மடித்து ஒன்பது, மீதி பித்தளைச் செம்பில். நீ வேலை பார்க்கிற ஏலக்காய் மண்டிக்கு எதிரே பழைய காசு வாங்குகிற சேட் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னாயே. போடியிலிருந்து ஏலக்காய் லோடு கொண்டு வருகிற முத்துவீரனிடம் தாளில் இருந்து இரண்டு, செம்பில் இருந்து ஒன்று என மூன்றைக் கொடுத்துவிட்டிருக்கிறேன். காட்டிக் கேட்டு எழுது.

அக்கா,
ஞானசெல்வி


பம்பாய்
4.8.1998

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி பாண்டி.

சளி இல்லை. இங்கே குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்குள் எண்ணெயாவது சீயக்காயாவது. மாமாவை நான் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தை ஏலக்காய் மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். போன தடவை வந்தபோது கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அவளை "ராங்கிக்காரி" என்றேன்.

காசை சேட்டிடம் காட்டினேன். வெள்ளையாக இருந்த ஒன்றை விரலால் ஒதுக்கி, "இதற்கு வெள்ளி விலைதான்" என்றார். தாளில் இருந்த இரண்டையும் கையில் எடுத்தவர் கடை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். எனக்கும் காட்டினார். விளிம்பில் தேன் நிறம், உள்ளே செம்பு நிறம், ராசா காதோரம் ஊதா, நடுவில் நீலம். மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீர் மாதிரி மினுங்குகிறது. நாமெல்லாம் அதை அழுக்கு என்போம் அக்கா.

காற்றிலும் தாளிலும் இருக்கிற ஏதோ ஒன்றை வெள்ளி வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கி இப்படி நிறம் ஏறுகிறதாம். வெறும் கறுப்பாகப் போனால் விலை குறையும். இப்படிப் பல நிறமாக ஏறினால் விலை பல மடங்கு. துலக்கிவிட்டால் எதுவும் இல்லை. இதற்கு அவர்கள் டோனிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உனக்குப் புரிய வேண்டுமானால், பழுத்த காசு என்று வைத்துக்கொள்.

புளி, சாம்பல், பல்பொடி எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதே. முந்தானையால்கூடத் துடைக்காதே. பழுத்தது எத்தனை, பழுக்காதது எத்தனை என்று எழுது. இரண்டு நல்ல காசையும் சேட் தன்னிடமே பத்திரமாக வைத்திருக்கிறார்.

பிள்ளைக்கு என் முத்தம்.

பாண்டி


சுருளிப்பட்டி
30.8.1998

ஏலே பாண்டி,

நீ நல்லா இருப்பாய். உன் கடிதம் வந்த அன்று உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்பதே எனக்கு மறந்துவிட்டது. உங்கள் மாமா அன்று பாதி வெந்த சோற்றைத் தின்றுவிட்டு வாயைத் திறக்காமல் எழுந்து போனார்கள். நாங்கள் எல்லாரும் சுகம்.

நல்ல வேளை எழுதினாய். ஆடி வெள்ளிக்கு விளக்குத் துலக்கும்போது காசையும் சேர்த்துப் போடலாம் என்று புளியைக் கரைத்து வைத்திருந்தேன். "நீதாண்டி துலக்கணும்னு நின்ன, நானா சொன்னேன்?" என்று மாமா இப்போது குத்திக் காட்டுகிறார்கள். பழுத்த காசு என்று நான் சொன்னதும் ஒரே சிரிப்பு. "காசு என்ன வாழைத்தாரா? அப்ப நான் தோட்டத்துல பாடுபடறத விட்டுட்டுப் பெட்டிக்குக் காவல் இருக்கேன்" என்றார்கள்.

நிறம் ஏறியது ஏழு இருக்கிறது, உன்னிடம் உள்ள இரண்டைச் சேர்க்காமல். அதில் நாலு கொஞ்சம் மங்கல். பழுக்காதது பதின்மூன்று. செம்பில் கிடந்ததெல்லாம் அப்படியே வெளுப்பாக இருக்கிறது, ஆத்தா எதற்கு அதையும் தாளில் மடிக்காமல் போனாளோ.

சினேகா இப்போது தோட்டத்து மோட்டாரைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஓடும்போது உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். நிறுத்தினால் என்னைப் பார்த்து அழுகிறாள். ஒரு யூனிட்டும் வீணாக்காத மனுஷன், அவளுக்காகச் சும்மா மோட்டாரைப் போடுகிறார்கள். ஆனால் மைசூர் என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. "மூணு வருசம் நீ அங்கன, நான் இங்கன. பெறகு எதுக்கு வீடு?" என்று கேட்கிறார்கள். பணம் வரட்டும், வழிக்கு வருவார்கள்.

என்ன விலை வரும் என்று கேட்டு எழுது. ஜூனுக்கு அதிக நாள் இல்லை.

செல்வி


பம்பாய்
2.10.1998

அக்காவுக்கு,

நானும் என் அறையில் இருப்பவர்களும் சௌக்கியம். கொசுதான் தூங்க விடுவதில்லை. மாமாவின் கை வெடிப்புக்கு ஒரு களிம்பு முத்துவீரனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

சேட் வெளிப்படையாகப் பேசினார். மாசி மாதம் இங்கே காசு சேர்ப்பவர்கள் கூடுகிற ஏலம் ஒன்று நடக்கும். அதில் வைத்தால் நல்ல விலை போகுமாம். வெள்ளைக் காசு இருபது சேர்ந்தாலும் பழுத்த ஒன்றின் விலைக்கு வராது. உன்னிடம் உள்ள ஏழும் இங்கே உள்ள இரண்டும் போனால் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கிவிடலாம். முதல் வருட வாடகைக்கும் கொஞ்சம் மிஞ்சும். மீதி இரண்டு வருடத்துக்குத்தான் காணாது. அந்தப் பதின்மூன்றில் நாலைந்தாவது பழுத்திருந்தால் நமக்குக் கவலையே இருந்திருக்காது. பரவாயில்லை, அதற்கு வேறு ஏதாவது பார்ப்போம்.

அவசரப்பட்டு அனுப்பாதே. தை பிறந்ததும் அனுப்பினால் போதும்.

அன்புடன்,
பாண்டி


சுருளிப்பட்டி
20.1.1999

என் தங்கத் தம்பிக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போனது. உனக்கும் சேர்த்து ஒரு இலை போட்டேன், அதையும் உங்கள் மாமாவே தின்றார்கள். சினேகாவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. மூன்று மாதமாக எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஒரு வேலையாக இருந்தேன். முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று வைராக்கியம்.

இந்தா கேள். எல்லாக் காசையும் பழுக்க வைத்துவிட்டேன்.

நாலைந்து பழுத்திருந்தால் கவலையில்லை என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். நம் ஊரில் எவன் தார் மரத்தில் பழுக்கட்டும் என்று காத்திருக்கிறான்? வெட்டிக் கொண்டுவந்து புகை மூட்டம் போடுகிறான், மூன்றாம் நாள் மஞ்சள் மஞ்சளாகச் சந்தைக்கு ஏற்றுகிறான். காசுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? திராட்சையில் சாம்பல் நோய்க்குத் தூவுகிற கந்தகத்தூள் அரை மூட்டை கிடந்தது. அந்த மூட்டை பக்கத்தில் கழற்றி வைத்த என் கொலுசு ஒரு தடவை மயில் கழுத்து மாதிரி ஆனது ஞாபகம் வந்தது. பிடித்துக்கொண்டேன்.

முதல் தடவை பானைக்குள் அனல் அதிகமாகி ஒரு காசு கரியாகப் போய்விட்டது. அப்புறம் வைக்கோல் பரப்பி, தாள் விரித்து, காசை அடுக்கி, தூளைச் சும்மா இணுக்குப் போல் தூவி, ஈரச்சாக்குப் போட்டு மூடி அடுப்போரம் வைத்தேன். பொங்கலுக்கு முந்தின நாள் திறந்து பார்த்தால் நீலமும் ஊதாவும் பொன்னுமாக அப்படி ஒரு அழகு. மங்கலாக இருந்த நாலையும் சேர்த்து ஒரு மூட்டம் போட்டேன். ஆத்தா ஐம்பது வருடம் வைத்திருந்தது தோற்றுவிடும். மாமாவே குனிந்து குனிந்து பார்த்தார்கள். "ஏ செல்வி, நீ பொழைச்சுக்கிருவ" என்றார்கள். இருபத்தைந்து வருடமாக அந்த வாயில் இருந்து நல்ல வார்த்தை கேட்டதில்லை, பிறந்ததில் இருந்து தெரியும் எனக்கு.

மைசூருக்குப் போகவும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஜூன் ஏழாம் தேதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் இருந்து கார்டு வந்துவிட்டது.

எல்லாக் காசையும் ஒரே பையில் போட்டு முத்துவீரனிடம் அனுப்பியிருக்கிறேன். நல்ல விலையாகப் பேசு, உன் கூச்சத்தை மண்டியில் வைத்துவிட்டுப் போ.

உன் அக்கா


பம்பாய்
26.2.1999

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். காசு வந்து சேர்ந்தது. சேட் வெளியூர் போயிருக்கிறார். வந்ததும் பேசி எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். சினேகாவுக்கு என் அன்பு.

பாண்டி


பம்பாய்
1.3.1999

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, பாண்டி எழுதுவது.

வீட்டு விலாசத்துக்குப் போட்டால் அக்கா பிரித்துவிடும். அதனால் நீங்கள் டீ குடிக்கிற கடைக்குப் போட்டிருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

சேட் எந்த ஊருக்கும் போகவில்லை. பையைக் கொட்டியதும் அவர் முதலில் செய்தது, மோந்து பார்த்ததுதான். பிறகு லென்ஸை வைத்துப் பார்த்தார். என்னிடம் சத்தம்கூடப் போடவில்லை. "தானாக வந்த நிறம் விளிம்பில் இருந்து நடுவுக்கு மெல்ல நடந்து வந்திருக்கும். இது ஒரே நாளில் குதித்து வந்திருக்கிறது. கந்தகம் போட்டீர்களா?" என்று கேட்டார். ஒரு காசை எதிலோ முக்கி எடுத்தார். நிறமெல்லாம் போய், கீழே வெள்ளி செத்த மீன் மாதிரி இருந்தது.

மங்கலான நாலும் போய்விட்டது மாமா. அக்கா கை வைக்காத மூன்று நல்ல காசு பையில் இருந்தது. அதைத் தனியாகப் பொறுக்கி எடுத்துக் காட்டினேன். அதையும், முதலில் வாங்கி வைத்திருந்த இரண்டையும் சேர்த்து என் பக்கமே தள்ளிவிட்டார். "இவை நல்லவைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எல்லாம் ஒரே வீட்டில் இருந்து வந்தவை. நான் நல்லது என்று சொல்லி விற்று, நாளைக்கு ஒருவன் கேட்டால் என் பெயர் போகும்" என்றார். இந்தத் தெருவில் வேறு இரண்டு கடையில் ஏறினேன். அதற்குள் பேச்சுப் பரவிவிட்டது. இப்போது இருபத்து மூன்றுக்கும் வெள்ளி விலைதான்.

பழுத்த காசு என்று எழுதியது நான். நாலைந்து பழுத்திருந்தால் என்று ஆசை காட்டியதும் நான். அக்கா என்ன செய்யும்? அது சந்தோஷமாக எழுதியிருக்கிற கடிதத்தைப் படித்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவிடம் இப்போது சொல்ல வேண்டாம் மாமா. தன் கையாலேயே பிள்ளைக்கு இப்படிச் செய்துவிட்டோம் என்று தெரிந்தால் அது தாங்காது. மண்டி முதலாளியிடம் முன்பணம் கேட்டிருக்கிறேன். ஜூனுக்குள் எப்படியாவது புரட்டிவிடுவேன். காசு விற்ற பணம் என்றே அக்கா நினைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் பாண்டி


லோயர் கேம்ப்
18.3.1999

மாப்பிள்ளை பாண்டிக்கு, கர்ணன் எழுதுவது.

சுகம். உன் சுகம் எழுதவும். கடிதம் கிடைத்தது. கிழித்துக் கால்வாயில் விட்டேன்.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன். படித்ததும் எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. இனி இவள் மூன்று வருடம் போக மாட்டாள் என்று. அப்புறம் வீட்டுக்குப் போனேன். பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது. நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

போன வாரம் குத்தகைக்குத் தோட்டம் பிடிக்கிற சுந்தர்ராஜ் வந்தார். தோட்டத்தை மூன்று வருடக் குத்தகைக்குக் கேட்டார். பணம் முழுவதையும் முன்னாலேயே தருகிறேன் என்றார். உன் அக்கா, "எங்களுக்குப் பம்பாயில இருந்து காசு வருதுண்ணே, தோட்டம் இவுகளுக்கு இருக்கட்டும், நான் இல்லாதப்ப வேற என்ன செய்வாக" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும். நீ சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

சரியா தப்பா தெரியவில்லை. பணத்துக்கு வேகமாகப் பார்.

கர்ணன்


சுருளிப்பட்டி
6.5.1999

தம்பிக்கு,

எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான். சேட் எந்த ஊருக்குப் போனார், காசிக்கா? இரண்டு தடவை பூத்தில் இருந்து உன் மண்டிக்குப் போன் போட்டேன். எவனோ எடுத்து இந்தியில் பேசினான். நஹி, நஹி என்றது மட்டும் விளங்கியது. உனக்கு உடம்பு சரியில்லையா? அதையாவது எழுது. மாமாவைக் கேட்டால், "வரும், வரும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ட்ரங்குப் பெட்டியில் எங்கள் இருவர் துணியும் அடுக்கியாகிவிட்டது. மதுரை டாக்டரம்மா சொல்லித் தந்தபடி அவள் கையை என் தொண்டையில் வைத்து ம்ம் என்று சொல்லிக் காட்டுகிறேன். நேற்று அவளும் தன் தொண்டையில் கை வைத்து ம்ம் என்றாள். கொஞ்சம் சொல்லித் தர ஆள் இருந்தால் இவள் பிடித்துக்கொள்வாள் பாண்டி, அது எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

முழுப் பணமும் வராவிட்டால் போகிறது. பாதி வந்தாலும் அனுப்பு. அங்கே போய்ப் பாத்திரம் தேய்த்தாவது மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு காதுக்கும் மெஷின் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள், அதற்கு மட்டுமாவது ஏற்பாடு செய்.

செல்வி


பம்பாய்
24.5.1999

அன்புள்ள அக்கா,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மண்டியில் சீசன், அதனால் போனில் பிடிக்க முடியவில்லை. மணியார்டர் அனுப்பியிருக்கிறேன், ஒரு காது மெஷினுக்கு வரும். சேட்டிடம் இருந்து மீதி வர வேண்டும். ஜூன் ஏழுக்குள் வந்துவிடும். நீ தைரியமாக இரு.

பாண்டி


சுருளிப்பட்டி
19.7.1999

பாண்டிக்கு,

உயிரோடு இருக்கிறோம்.

ஜூன் ஆறாம் தேதி வரை தபால்காரர் வருகிற வழியில் நின்றேன். ஏழாம் தேதியும் நின்றேன். ஏழு போன பிறகு, இன்னும் பத்து நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லி மைசூருக்கு எழுதிப் போடுகிறேன் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் மாமா சொன்னார்கள். பேனாவை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்கள். அப்படியும் கார்டு போட்டேன். இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது.

காசு போனதற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மூட்டம் போட்டது என் கை. பழுத்தது என்று நீ சொன்னால் நான் அப்படியா புரிந்துகொள்ள வேண்டும்? புத்தி கெட்டவள் நான். மாசி மாதமே நீ சொல்லியிருந்தால் அன்று முழுவதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன். மறுநாள் எழுந்து சுந்தர்ராஜ் வீட்டுக்குப் போயிருப்பேன். பணத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார் அந்த மனுஷன். நான் தாங்க மாட்டேன் என்று உனக்கு யார் சொன்னது? காது கேட்காது என்று சொன்னபோது தாங்கினேனே. மதுரையில் இருந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேனே.

ஜூனில் போய்க் கேட்டேன். அவர் வேறு தோட்டம் பிடித்துவிட்டார். கொடிக்குக் கவாத்து வெட்டு எல்லாம் முடிந்த பிறகு எவன் குத்தகைக்கு வருவான்?

நீ என்னைக் காப்பாற்ற நினைத்தாய். மாமா நீ சொன்னதைக் காப்பாற்ற நினைத்தார்கள். நீங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்த அந்த மூன்று மாதத்தில்தான் என் பிள்ளையின் வாய் மூடிப்போனது. காசால் இல்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாமாவோடு நான் பேசுவதில்லை. இந்த வீட்டில் இப்போது பேசாதவர்கள் மூன்று பேர்.

ஞானசெல்வி


சுருளிப்பட்டி
9.4.2000

பாண்டிக்கு, அக்கா எழுதுவது.

நீ போட்ட கடிதம் எல்லாம் வந்தது. பதில் போட மனசு வரவில்லை. மாமாவுக்கு இடுப்புவலி, தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். நானும் பேச ஆரம்பித்துவிட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாளைக்கு முடியும்?

சினேகாவுக்குத் தையில் ஐந்து முடிந்தது. உன் பணத்தில் ஒரு காதுக்கு மெஷின் வாங்கினோம். மாட்டினால் பிடுங்கி எறிகிறாள். உள்ளே என்னவோ இரைகிறது, அது என்ன என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்க வைக்க எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் அங்கே சொல்லித் தந்திருப்பார்கள். மதுரையில் டாக்டரம்மாவிடம் மறுபடியும் போனேன். வயது தாண்டத் தாண்டக் கஷ்டம் என்று சொல்லி, கை ஜாடை சொல்லித் தருகிற விடுதி ஒன்றின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். எட்டு வயது ஆனால் எடுப்பார்களாம். அதுவரை அவளும் நானும் எங்களுக்குத் தெரிந்ததை வைத்து ஓட்டுகிறோம். பசித்தால் தட்டைத் தட்டுவாள். பயந்தால் என் முழங்கையைப் பிடிப்பாள். கண்முன்னால் இருப்பதைக் காட்டிவிடலாம். இல்லாததைக் காட்ட முடிவதில்லை. நேற்று என்றோ நாளைக்கு என்றோ அவளுக்கு நான் இன்னும் சொன்னதில்லை.

வீரபாண்டித் திருவிழாவுக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வா. உன்னை வரக் கூடாது என்று சொல்லிவிட்டால் எனக்கு வேறு யார் கூடப் பிறந்திருக்கிறார்கள்?

ஆனால் ஒன்று. தாய்மாமன் வருகிறான் என்றால் எந்தத் தாயும் பத்து நாளைக்கு முன்பிருந்தே பிள்ளையிடம் சொல்லிச் சொல்லி வைப்பாள். நானும் உன் போட்டோவை எடுத்துக் காட்டினேன். மீசையைத் தொட்டுக் காட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள். இவன் என் தம்பி, உனக்கு மாமன் என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன், எனக்கு வழி தெரியவில்லை. நீ அவளுக்கு நல்லது நினைத்தாய் என்றும் சொல்ல முடியாது. நீ என்ன செய்தாய் என்றும் சொல்ல முடியாது. உன்னைத் திட்டியாவது சொல்லிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. நீ வாசலில் வந்து நின்றால் யாரோ ஒரு ஆள் என்றுதான் என் சேலைக்குப் பின்னால் ஒளிவாள். இனி எத்தனை தடவை வந்தாலும் நீ அவளுக்கு மீசை வைத்த ஒரு ஆள்தான். அதற்கு மனசைத் தயார் செய்துகொண்டு வா.

எந்த பஸ் என்று எழுதிப் போடு. மாமா கம்பத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு வருவார்கள்.

ஞானசெல்வி